டபுள் வோல்ட்டின் நான்கு விநாடி மௌனம்

கண்டி மாநகரின் மின்னிசை வரலாற்றை எழுத எதிர்காலத்தில் யாராவது முன்வந்தால், அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். இருந்தாலும் அதில் திலக்ஷனுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கித்தான் ஆகவேண்டும்.

தந்தை செல்லச்சாமி புடவைக்கடைக் கணக்கர். மகன் பொறியியலாளராவான் என்று நம்பி லெப்டொப் வாங்கிக் கொடுத்தார். மகன் அதில் தாளம் செய்தான். கூட்டாளியாக வாய்த்தவன் யதுர்சன், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரச அலுவலர் ஒருவரின் புதல்வன். இருவரும் 'டபுள் வோல்ட்' என்ற பெயரில் கல்யாணம், பெண் பூப்பெய்தினால் சாமத்தியவீடு, கடைத் திறப்பு என்று ஊரெல்லாம் அடுத்தவர் பாட்டைப் போட்டு, சொந்தப் பாட்டுக்காக உயிர் வாழ்ந்தார்கள்.

அந்தச் சொந்தப் பாட்டின் பெயர் 'மழைக்கு முன்'. தாளம் மெல்ல ஏறும், விரையும், உச்சிக்குப் போகும். அங்கே நான்கு விநாடி மௌனம். பிறகு எல்லா ஒலியும் ஒன்றாக இடிந்து விழும். அந்த இடிக்காகத்தான் முழுப்பாட்டும்.

ஆனால் நம் நாட்டில் சத்தம் திடீரென்று நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. கட்டுகஸ்தோட்டைச் சாமத்தியவீட்டில் மௌனம் வந்ததும் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"கரண்ட் கோளாறு போல. அதுக்குள்ள எல்லாரும் சாப்பிட்டு வந்துடுங்க."

இடி விழுந்தபோது மண்டபத்தில் ஆளில்லாத கதிரைகள் மட்டுமே இருந்தன. அக்குறணையில் கடை திறந்த சாஹுல் ஹமீது இன்னும் ஒரு படி மேலே போய் பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

"சாமான் சூடாகிட்டு போல ஈக்கிது மகன். பத்திரமா வெச்சிக்கோங்க."

யதுர்சன் சமரசத்துக்கு வந்தான். "நாலு செக்கனை ரெண்டாக் குறைப்பம் மச்சான்."

"குறைச்சா அது விக்கல் மாதிரி இருக்கும்டா."

"இப்ப மட்டும் என்னவாம்? மூச்சு நிண்ட மாதிரித்தானே கிடக்கு."

இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. மீண்டும் பேசியபோது யதுர்சன் கொண்டுவந்த செய்தி, மன்னாரில் ஆசிரியர் நியமனம் கிடைத்துவிட்டது என்பது. திலக்ஷனின் சித்தப்பா மகள் கஜனியின் கல்யாண வரவேற்புதான் கடைசி நிகழ்ச்சி. அன்றாவது பாட்டு முழுதாக ஒலிக்க வேண்டும்.

இந்த முறை திலக்ஷன் எதையும் விதியிடம் விடவில்லை. திரைச்சீலைகளை இழுத்து மூடினான். மௌனத்தின்போது விளக்குகளை அணைக்க ஆள் வைத்தான். மண்டபத்து ஜெனரேட்டர்காரர் இரத்தினத்தைத் தனியாகக் கண்டு, லைட் போனதும் யார் வந்து சொன்னாலும் பாட்டு முடியும்வரை அசையக் கூடாது, ஜெனரேட்டரைப் போடக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். பிறகு மைக்கில் சொன்னான்:

"நடுவுல சத்தம் நிக்கும், லைட்டும் போகும். அதுவும் பாட்டுத்தான். யாரும் அசையாதீங்க, கையை மட்டும் தூக்குங்க."

தாளம் ஏறியது. பெரியம்மாக்கள் உட்பட சபை முழுவதும் கை தூக்கியது. மௌனம் வந்தது. விளக்குகள் அணைந்தன. யாரும் அசையவில்லை.

நான்கு விநாடி கடந்தது. பத்தும் கடந்தது. தலைக்கு மேலே மின்விசிறிகள் சோம்பலாகச் சுற்றி நின்றபோதுதான் இருவருக்கும் விளங்கியது: கரண்ட் உண்மையாகவே போய்விட்டது. லெப்டொப் மட்டும் பேட்டரியில் ஓடியது. திரையில் இடி விழுந்தது, அலை அலையாக, சத்தமே இல்லாமல்.

திலக்ஷன் பின்வாசலுக்கு ஓடினான். "அண்ணே, ஜெனரேட்டரைப் போடுங்க."

இரத்தினம் ஸ்டூலை விட்டு எழும்பவில்லை. "நீங்கதானே தம்பி அசையக் கூடாதுன்னீங்க. பாட்டு முடியட்டும்."

"இது பாட்டு இல்லண்ணே."

"அப்படியும் சொல்வீங்கன்னு தெரியும்."

திரும்பி வந்தபோது திரையில் பாட்டு முடிந்திருந்தது. இருட்டில் சபை இன்னும் கை தூக்கியபடி, இதுவரை எந்தக் கலைஞனுக்கும் காட்டாத பொறுமையுடன் நின்றது. முன்வரிசையில் செல்லச்சாமி கையை மாற்றிக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்:

"பையன் நல்லாத்தான் செஞ்சிருக்கான். இந்த இடம் மட்டும் கொஞ்சம் இழுக்குது."