நசீர் பாயின் ஹிட்டாச்சி

பேரணாம்பட்டில் நசீர் அகமது வீடு எது என்று கேட்டால், எந்த நசீர் என்று திருப்பிக் கேட்பார்கள். வண்டி கட்டுகிற நசீர் பாய் என்றால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அவர் கட்டுவது ரோட்டில் ஓடுகிற வண்டி அல்ல. பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று அழுத்திப் பொருத்தி, உள்ளே மோட்டார் வைத்து, முழநீளத்தில் ஹிட்டாச்சி, டிப்பர், ரோடு ரோலர் என்று செய்வார்.

துபாயில் இருக்கும் மகன் ஹம்மாத் ஒரு ரம்ஜானுக்கு அனுப்பிய பெட்டியில் தொடங்கியது இது. தோல் பதனிடும் ஷாப்பில், தோலைச் சீவும் ஷேவிங் மிஷின் ஓட்டி ஓய்ந்துபோய் வீட்டில் உட்கார்ந்த மனிதர், பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்து ஒரே ஒரு தரம்தான் கட்டினார். மோட்டாரைப் போட்டதும் ஹிட்டாச்சி தவளை மாதிரித் துள்ளியது. மண் அள்ளுகிற வண்டிக்கு இந்தத் துள்ளல் ஆகாது என்று பிரித்துவிட்டார். பல்சக்கரங்களைக் கூட்டி வேகத்தைக் குறைத்தார். பின்னால் பாரத்துக்கு இரும்பு நட்டுகளை வைத்துக் கட்டினார். வழவழப்பான சிமெண்ட் தரையில், சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயின் வழுக்குகிறதே என்று ஷாப்பிலிருந்து வெட்டுத்தோல் வாங்கிவந்து துண்டு துண்டாக ஒட்டினார். அதற்குப்பின் அது நிஜ வண்டிபோலக் கனத்தோடு ஊர்ந்தது. டிரைவர் பொம்மையை மட்டும் அவர் வைக்கவில்லை. உருவம் இருக்கிற வீட்டில் மலக்குகள், அதாவது வானவர்கள், நுழையமாட்டார்கள் என்று முதல் நாளே எடுத்து அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். அவர் வண்டிகளில் டிரைவர் சீட்டு எப்போதும் காலி.

மகள் சஹர் தலைப்பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, பின்னறையில் சில்லா இருந்தாள். சில்லா என்றால் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் முடியும்வரை அறை வாசலைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது. குளியலும் உள்ளேதான். அறை மூலையில் கல் வைத்து மறித்து, வேப்பிலை போட்டுக் கொதித்த தண்ணீரை அண்டா அண்டாவாக ஊற்றி நசீரின் மனைவி அஜீஸுன்னிசா மகளைக் குளிப்பாட்டுவாள். தலையணைக்கு அடியில் இரும்புக் கத்தி இருக்கும். இந்த விஷயத்தில் அவளிடம் யாரும் வாய் திறக்க முடியாது. அவளுடைய முதல் பிள்ளையை மழை வெள்ளத்துக்குப் பயந்து சில்லாவுக்கு நடுவிலேயே வேறு வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். பிள்ளை தங்கவில்லை. வாசல் தாண்டியதுதான் காரணம் என்று அவள் மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது.

முதலில் நகர்ந்தது டிப்பர். கூடத்துச் சுவரோரம் வைத்துவிட்டுச் சாயங்கால அஸர் தொழுகைக்குப் போய்வந்தார் நசீர். டிப்பர் பின்னறை வாசலில் நின்றது. பூனை தட்டியிருக்கும் என்று எடுத்து வைத்தார். மறுநாளும் அங்கேதான் நின்றது. வீட்டில் ஓடித்திரிகிற பிள்ளை யாரும் இல்லை. அஜீஸுன்னிசா அதைப் பார்த்ததும் நிலைப்படியில் நின்று ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதினாள்.

"என்னாங்க, அது கொயந்தைய மோப்பம் புடிச்சிகினு வருது. சில்லா முடியுற வரைக்கும் எல்லாத்தையும் மூட்ட கட்டி வையுங்க."

டிப்பரை எடுத்து அலமாரிமேல் வைத்தார். சக்கரம் உள்ள வண்டி, தரை வாட்டமாக இருந்தால் உருளத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஹிட்டாச்சி அப்படியில்லை. அதன் உள்ளே திருகுபோல ஒரு பல் வைத்திருந்தார். மோட்டார் சுற்றினால்தான் செயின் நகரும், கையால் தள்ளினாலும் அசையாது. அந்தத் தைரியத்தில் அதைக் கூடத்துத் தரையிலேயே விட்டுவைத்தார். மனைவியின் மனசுக்காக பேட்டரியை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் ஒரு பகலில் கரண்ட் ஷட்டவுன். ஊரில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்கள் எல்லாம் நின்றுபோயின. பிறந்ததிலிருந்து காதுக்குள் இருக்கும் அந்த உறுமல் நின்றால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். லுஹர் தொழுதுவிட்டு நசீர் கூடத்தில் சாய்ந்திருந்தார். அஜீஸுன்னிசா அடுப்படியில் இருந்தாள். அப்போது மெல்லிசாக மோட்டார் சத்தம் கேட்டது. அவர் தன் கையால் பல்சக்கரம் போட்ட மோட்டார், அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாதா? சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பேட்டரி அங்கேதான் இருந்தது.

எழுந்து பின்னறைக்குப் போனார். சஹரும் குழந்தையும் கயிற்றுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குளியல் மூலையில், மறித்து வைத்த கல்லுக்கு முன்னால் ஹிட்டாச்சி நின்றது. கை நீண்டு, பக்கெட் தரையைத் தொட்டபடி இருந்தது. காலி சீட்டு அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பிஸ்மில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு நசீர் மண்டியிட்டார். வண்டியைத் தொட மனம் வரவில்லை. கன்னத்தைத் தரையில் வைத்தார். கீழே ஏதோ மென்றுகொண்டிருந்தது. பல்லில்லாத வாய் ஊறவைத்த ரொட்டியை மெல்லுவதுபோல நிதானமான சத்தம். கூடவே ஒரு வாடை. சுண்ணாம்பில் ஊறிய தோலின் வாடை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அடுத்த தெருவில் இருக்கும் செல்வகுமாருக்குப் போன் செய்தார். அந்தக் காலத்தில் ஷாப்பில் டிராக்டர் ஓட்டிய கூட்டாளி. நசீரின் பொம்மை வண்டிகளைப் பார்த்து, பெரிய வண்டி ஓட்டி என் முதுகு போச்சு, சின்ன வண்டி ஓட்டி உன் கண்ணு போவும் என்று கிண்டல் செய்கிறவர். அன்று வந்து, உள்ளே எட்டிப் பார்க்காமல் பின்னறை வாசலோரத் தரையை மட்டும் ஒரு பார்வை பார்த்தவர் கிண்டல் செய்யவில்லை.

"பாய், இங்க இருந்த சுண்ணாம்புக் குழிய நாமதான தூத்தோம். மண்ணா போட்டோம்? ஷேவிங் தூள்தான போட்டோம்."

உண்மைதான். இழுத்து மூடிய பழைய ஷாப்பின் இடத்தை மனை போட்டு விற்றபோது, குழிகளைத் தூர்க்க மண்ணுக்குச் செலவு செய்வானேன் என்று மிஷினில் சீவி விழும் தோல் தூளையே டிராக்டர் டிராக்டராகக் கொட்டி மிதித்தார்கள். ஊரில் பள்ளம் என்றால் எல்லோரும் செய்வது அதுதான். மெத்தைபோல் இறுகிக் கிடந்தது. அதன்மேல் வீடு எழுப்பினார்கள். காய்ந்து கிடந்தவரை ஒன்றும் இல்லை. இப்போது சில்லாக் குளியலின் வெந்நீர் தினமும் இறங்கி, தோலை மறுபடியும் ஊறவைத்து அழுகச் செய்துகொண்டிருந்தது.

நசீர் அடுப்படிக்குப் போய் மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னார். அறையைக் காலி செய்ய வேண்டும், இப்போதே. அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"ஒரு தபா உங்க பேச்சக் கேட்டு வாசல் தாண்டினேன்."

"அப்ப மேலேர்ந்து வந்துச்சு தண்ணி. இப்ப கீழேர்ந்து வருது அஜீஸு. கொஞ்சம் வந்து காத வச்சிப் பாரு. அதுக்கப்புறம் நீ சொல்றத நான் கேக்கறேன்."

அவள் போய்க் காதை வைத்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. ஆனாலும் மகளின் கால் வாசலைத் தாண்டுவதை அவளால் நினைக்க முடியவில்லை. பயத்துக்கும் பயத்துக்கும் நடுவே நின்று கட்டிலையே பார்த்தாள்.

"கால்தான தரையில படக்கூடாது," என்றாள் கடைசியில். "கட்டிலோட தூக்குங்க."

சஹரை எழுப்பாமல், குழந்தையோடு சேர்த்துப் போர்வையால் தலையோடு போர்த்தினாள். செல்வகுமார் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலைமாட்டைப் பிடித்தார். சில்லாவில் இருக்கும் பெண்ணை அவர் பார்க்கக்கூடாதல்லவா? பின்பக்கமாக நடக்க, அஜீஸுன்னிசா அவர் சட்டையைப் பிடித்து வழிகாட்டினாள். கால்மாட்டை நசீர் பிடித்தார்.

"மெதுவா அண்ணே, வாசப்படி," என்றாள்.

"கண்ண தொறந்தா பாவம், தொறக்கலன்னா மண்ட ஒடையும். நல்ல எடத்துல மாட்டிக்கினேன்."

போர்வைக்குள் சஹர் சிரித்துவிட்டாள். விழித்துத்தான் இருந்திருக்கிறாள். கட்டில் நிலையில் உரசிக்கொண்டு கூடத்துக்கு வந்தது. நசீர் கடைசியாக வாசல்படியில் கால் வைத்தார். முதுகுக்குப் பின்னால் பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. பெருமூச்சு விட்டதுபோல் ஒன்று. திரும்பிப் பார்த்தபோது மூலை இல்லை. கல்லும் அண்டாவும் கட்டிலும் கிடந்த இடமெல்லாம் கறுப்பாக வாய் திறந்து கிடந்தது. ஹிட்டாச்சியும் உள்ளே போயிருந்தது. அந்த இருட்டுக்குள்ளிருந்து மோட்டார் இன்னும் கேட்டது. கொஞ்சநேரம், பொறுமையாக. பிறகு நின்றது.

கயிறு கட்டி எடுத்துவிடலாமா என்று செல்வகுமார் கேட்டார். வேண்டாம் என்றார் நசீர். நகர்த்தினவன் யாரோ, அவனுக்கே தெரியும், நாம் தோண்டிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சில்லா கூடத்தில் முடிந்தது. குழந்தைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

குழியில் மணல் கொட்டினார்கள். கொட்டக் கொட்ட இறங்கியது. அறையின் அளவுக்கு மேலேயே கொட்டியாகிவிட்டது, அப்போதும் நிறையவில்லை. செல்வகுமார் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, குழி ஒண்ணு இல்லியே பாய், வரிசையா இருந்துச்சே என்றார். இருவரும் தெருவைப் பார்த்தார்கள். வீடுகளும் வரிசையாகத்தான் நின்றன.

நசீர் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. பொம்மை கட்டிக் கட்டிப் பெரியவருக்கு மூளை பேஜாராகிவிட்டது என்றார்கள். எதிர்வீட்டு அஃப்ரோஸ் மட்டும், வந்துதான் பாருங்களேன் மாமூ என்று கதவைத் திறந்துவிட்டாள். அவள் வீட்டுத் தரையில் டிப்பரை வைத்தபோது நடந்ததைத் தெரு முழுக்க அவளே சொன்னாள். அதற்குப்பின் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இப்போது அஸருக்குப்பின் டிப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் போவதைப் பார்க்கலாம். வீட்டு நடுவில் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பார். எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்திருப்பார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு வருவார். நகர்ந்தால் டீயைத் தொடமாட்டார். அந்த வீட்டில் குழந்தை எங்கே படுக்கும் என்று மட்டும் கேட்பார்.