அக்கா என்னைத் தொலைக்கவில்லை

செய்தி வந்தபோது கம்பெனியில் தையல் லைன் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் என் மிஷின் பக்கத்தில் வந்து நின்று, "குமுதா, ஜெயசீலி அக்கா போய்ட்டாங்க" என்றார். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. "அப்படியா? கார் வெச்சுக்கினு போனாங்களா, பஸ்லயா?" என்று சந்தோஷமாகக் கேட்டேன். பக்கத்து மிஷினில் ஷகிலா தலையில் கை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் அக்காவின் மகள் பிரின்சி வந்தாள். படத்திறப்பு அன்று கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். அம்மாவோடு வேலை செய்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், என்னால் ஆகாது என்றேன். அவள் அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். "உங்களைத்தானே ஆன்ட்டி எங்கம்மா சென்னையில தொலைச்சாங்க! அதை எழுதுங்க. எல்லாரும் அதைத்தான் எழுதறாங்க."

எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள் என்று கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அது புத்தகத்தில் ஏறினால் அப்படியே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பிரின்சி திருத்திக்கொள்ளட்டும். ஆனால் விஷயத்தை மாற்ற வேண்டாம்.

அக்கா எங்கள் ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கர். நாங்கள் தைத்து அனுப்பும் ஷூ மேல்தோலைக் கையில் வாங்கி, உள்ளே விரலை விட்டு, வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்புவார். தையல் ஓரிடத்தில் தாண்டியிருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். "கண்ணு ஏமாந்துடும், வெரலு ஏமாறாது" என்பார். நான் சேர்ந்த முதல் நாள் என் வேலையைத் தூக்கிக் காட்டி, "இன்னாடி இது, தையலா கோழி கிளறினதா?" என்றார். லைன் முழுக்கச் சிரித்தது. நான் சாப்பாட்டு நேரத்தில் மூலையில் உட்கார்ந்து அழுதேன். தன் டிபன் பாக்ஸில் இருந்த முட்டையை என் சோற்றில் வைத்து, "மொதல்ல சாப்டு. சாப்ட்டுட்டு அழு. வெறும் வயித்துல அழுதா மயக்கம்தான் வரும்" என்றார்.

அன்றிலிருந்து நான் அவருக்கு "டி" தான். வாடி, போடி, இன்னாடி பேஜாரு புடிச்சவளே. என் அம்மா போன பிறகு என்னை அப்படி உரிமையாகக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

சென்னைக்குப் போகும் யோசனையும் அவருடையதுதான். ஆறு வருஷம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புவது என்று முடிவானது. மொத்தம் ஒன்பது பேர். எங்களில் முக்கால்வாசிப் பேர் சென்னையை ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ போனபோது பார்த்ததுதான். ஊர் பார்க்க என்று போனதில்லை. அக்கா ரயிலிலேயே சட்டம் போட்டுவிட்டார். "தூரமா இருக்கிறதை மொதல்ல பார்க்கணும். அப்பால ஸ்டேஷனைப் பார்த்து நடந்துக்கினே வரணும். வெயில் ஏறினா ஏசி இருக்கிற எடம். பாத்ரூம் கண்ட எடத்துல போய்டணும், வர்ற எடத்துல தேட முடியாது. ஒரு எடத்துல ஒரு மணி நேரம். அதுக்கு மேல நின்னா அது பார்க்கிறது இல்ல, சும்மா நிக்கிறது."

"டார்கெட் இன்னிக்கும் உண்டாக்கா?" என்றாள் ஷகிலா.

"இன்னிக்குதாண்டி ஜாஸ்தி."

காலையில் கடற்கரை. புடவையையும் சுடிதாரையும் முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு அலையில் நின்றோம். பிறகு கலங்கரை விளக்கத்தில் ஏறினோம். மேலே நின்று சரோஜா, "ஆம்பூர் எந்தப் பக்கம்?" என்று கடலைப் பார்த்துக் கேட்டாள். "ஆம்பூரு இன்னா கப்பலா, அங்க மிதக்கறதுக்கு? இந்தப் பக்கம் திரும்புடி" என்று அக்கா அவள் தலையைப் பிடித்துத் திருப்பினார். ஏறும்போது எண்ணினார், இறங்கும்போது எண்ணினார். ஒன்பது. ஒவ்வொரு இடத்திலும் அப்படித்தான்.

மத்தியானம் வெயிலுக்கு ஒரு பெரிய மாலுக்குள் போனோம். அங்கே மட்டும் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு நகரும் படிக்கட்டுக்குக் கீழே கூடுவது, அங்கிருந்து எழும்பூர் மியூசியம், பிறகு ரயில். இதுதான் திட்டம். எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்தார்கள். அக்காவும் நானும் ஒரு ஷூ கடைக்குள் போனோம்.

இதுவரைக்கும் எங்களோடு வந்த உங்களுக்குத் தெரியும். இனி வருவது தெரியாது.

அன்றைக்கு நான் என் நாத்தனாருடைய சுடிதார் போட்டிருந்தேன். கூலிங்கிளாஸ் ஒன்றைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தேன். கடைக்குள் நுழைந்ததும் ஒரு பெண் ஓடி வந்து, "வாங்க மேடம், உக்காருங்க மேடம்" என்றாள். என்னை யாரும் அதுவரை மேடம் என்று சொன்னதில்லை. என் காலைத் தொட்டு ஒரு செருப்பை மாட்டிவிட்டாள். "மேடம் சென்னைதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எந்த ஏரியா மேடம்?" அண்ணா நகர் என்றேன். வாயில் அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சொன்னதும் நன்றாக இருந்தது. அதைத்தான் இப்போது நினைத்தால் கூசுகிறது. நன்றாக இருந்தது.

அந்த நேரம் கடையின் மறுகோடியிலிருந்து அக்காவின் குரல். "ஏய் குமுதா! இங்க வந்து பாருடி! நம்ம லைன்ல ஓடின மாடலு!"

நான் திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா ஒரு பெண்கள் ஷூவுக்குள் கையை விட்டு, விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்தார். கடை மேனேஜர் போய், "அம்மா, கையை எடுங்க. வாங்கப் போறீங்களா?" என்றார்.

"வாங்கறதுக்கு இல்ல தம்பி. இது பாஸ் ஆகாது. பாரு, ரெண்டு எடத்துல தையல் தாண்டியிருக்கு. போட்டு நடந்தா வாய் பொளந்துக்கும். உள்ள எடுத்து வெச்சிடு. கம்பெனி பேரு கெட்டுடும்."

"நீங்க இழுத்து இழுத்துத்தான் பிரிஞ்சிருக்கு."

"நானா? நான் செக்கருப்பா. பதினாறு வருஷமா இதான் வேலை."

சத்தம் கேட்டு செக்யூரிட்டி வந்தார். அக்காவின் துணிப்பையைத் திறக்கச் சொன்னார். எலுமிச்சம் சோற்றுப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், எல்லோருடைய ரயில் டிக்கெட். "யார் கூட வந்தீங்க?" என்று கேட்டார். அக்கா என்னைக் கை காட்டினார். "அதோ, எங்க லைன் பொண்ணுதான். அவளைக் கேளு."

எனக்குச் செருப்பு மாட்டிவிட்ட பெண் என் முகத்தைப் பார்த்தாள். "மேடம், இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. ஒரு மேல்தோலைக் கையில் வாங்கியதும் பார்ப்பாரே, அப்படித்தான் பார்த்தார். பிறகு செக்யூரிட்டியிடம், "ஆள் மாறிப்போச்சுப்பா. எங்க ஆளு மாதிரி இருந்தாங்க. அவங்க யாரோ. அவங்களை விட்ரு" என்றார்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அக்காவைக் கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் கூட்டிப் போனார்கள். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். திரும்பிப் போய் "இவங்க எங்க அக்கா" என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. போகவில்லை. அந்த அறையில் என்ன பேசினார்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் ஆள் இல்லை.

நான் படிக்கட்டுக்குக் கீழே வந்து சேர்ந்தபோது நீங்கள் எல்லோரும் அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு முன்னால் வந்து அவரே உங்களிடம் சொல்லியிருக்கிறார்: "குமுதாவைக் கூட்டத்துல விட்டுட்டேன். தேடித் தேடிப் பார்த்தேன், காணல." சரோஜா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஷகிலா டீ வாங்கிக் கொடுத்தாள். "ஒருத்தியைக் கூட ஒழுங்கா பார்த்துக்கத் தெரியல, இவங்க டூர் லீடராம்" என்று யாரோ சொன்னீர்கள். அக்கா, "தப்புதான், தப்புதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார். மியூசியம் போக நேரமில்லாமல் ஆனது. நான் அந்த டீயைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். லைனில் யாராவது எதையாவது எண்ண ஆரம்பித்தால், "ஜெயசீலி அக்காகிட்ட குடுக்காதே, ஒண்ணு கொறையும்" என்று கேலி. அடுத்த வருஷம் அவர் ஆசையாக, விட்டுப்போன மியூசியத்தையும் சேர்த்து இன்னொரு நாள் போய் வரலாம் என்றார். "நீங்க கூட்டிட்டுப் போனா யாரை விட்டுட்டு வருவீங்களோ" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஜோடி கூடக் குறையாமல் எண்ணி அனுப்பியவருக்கு நான் வாங்கிக் கொடுத்த பேர் இது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் சென்னை போய் வந்த மறுநாள் திங்கட்கிழமை கேட்டில் என்னைப் பார்த்ததும், "வாங்க குமுதா" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் "சாப்டீங்களா?" என்றார். தையல் சரியில்லை என்றால், "இதைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தார். லைனில் மற்ற எல்லோரும் டி. நான் மட்டும் ங்க. "குமுதாவுக்கு இன்னா மரியாதை பாரு, தொலைச்சதுக்கு ஃபைன் கட்டறாங்க" என்று நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். தெரியாதவர்களை அப்படித்தானே கூப்பிடுவோம்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எப்படியாவது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஆள் பாதியாகியிருந்தார். "எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க, லீவு போட்டுட்டு?" என்றார். "அக்கா, அன்னிக்கு அந்தக் கடையில..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கட்டில்ல படுத்துக்கினு எதை நினைக்கிறேன் தெரியுமா? அந்த லைட் ஹவுஸ் காத்து. இன்னா காத்து அது!" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு பாருங்க" என்றார். கிளம்பினேன். ஒரே ஒரு தடவை "போடி" என்று சொல்வார் என்று வார்டு வாசலில் நின்று பார்த்தேன். தூங்கிவிட்டார்.

பிரின்சி, உன் அம்மா யாரையும் தொலைக்கவில்லை. அன்றைக்கு அவர் எண்ணியது எல்லாம் சரி. லைனில் இருக்கிறவர்களே, உங்கள் பக்கத்தில் அந்தக் கேலியை எழுதியிருந்தால் கோடு போட்டு அடித்துவிடுங்கள். என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா ஆறு வருஷம் எனக்குக் கொடுத்த "வாங்க" என்னிடம் இருக்கிறது. அதை மரியாதை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.