நீல அட்டைக்காக அம்மா காத்திருந்த ஆண்டுகள்

அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. மலேசியாவில் கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மருத்துவச்சி பார்த்த பிரசவம். பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. அந்த ஒரு தாள் இல்லாமல், பிறந்த நாட்டிலேயே குடியுரிமை இல்லாதவராக, சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தார். "பொறந்த எடத்துலயே விருந்தாளியா சாகணுமா, பெரியவனே?" என்று மூத்த மகனான என்னிடம் கேட்பார். குடிமக்களுக்கான நீல அட்டையைக் கையில் வாங்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

முருகனை நம்பும் உங்களிடம் இதைச் சொல்லக் கூசுகிறது. சொல்லாவிட்டால் அவன் செய்த உதவியை மறைத்தவனாவேன்.

விண்ணப்பித்து ஏழு வருடம் கழித்து, கொரோனாவுக்கு முந்தின வருடம், நேர்காணலுக்கு அழைத்தார்கள். மலாய் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அம்மா தனியாக உள்ளே போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"பதில் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மறுபடியும் போட்டோம். எப்போது கேட்டாலும், பரிசீலனையில் இருக்கிறது என்றே பதில் வந்தது.

நான் முப்பது வருடம் பள்ளியில் மலாய் கற்பித்தவன். என் தாய் மலாயில் தோற்றது எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தினமும் அவருக்குப் பாடம் நடத்தினேன். மாநிலங்கள், மாமன்னர், கொடியின் நிறங்கள். தடுமாறினால் மேசையைத் தட்டுவேன். ஒருநாள் விருந்தினர் முன்னாலேயே, "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்திடுமா? உன்னாலதான் எல்லாம் கெடக்குது" என்று கத்தினேன். அம்மா தலை குனிந்து சேலை முனையை முறுக்கிக்கொண்டிருந்தார். அதே அம்மா பாசாரில் மீன்காரரிடம் மலாயில் மல்லுக்கட்டிச் சிரிக்க வைப்பார். நான் பக்கத்தில்தான் கூடை பிடித்து நிற்பேன். ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

மூன்று வருடம் போனது. அம்மா நடை தளர்ந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். ஒரு தைப்பூசத்தன்று சன்னதியில் நின்று, "முருகா, இவளுக்கு அட்டை கொடு, இல்லாவிட்டால் அழைத்துக்கொள், என்னால் முடியவில்லை" என்று வேண்டினேன். பெற்றவளின் சாவைக் கேட்ட வாய் இது.

அடுத்த மாதமே இரண்டாம் நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. ஷா ஆலம் அலுவலகத்துக்குப் போனோம். இம்முறை இருந்த அதிகாரி, ஒரு மலாய்ப் பெண்மணி, கதவைத் திறந்து என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"பாக்சிக், உங்கள் அம்மா என்னிடம் மீன் குழம்பு வைப்பதுகூடச் சொல்லிவிட்டார். கணவர் பெயர் கேட்டால் மட்டும் வாயே திறக்கவில்லை. ஏன்?" என்று மலாயில், என்னை மாமா முறையில் அழைத்துக் கேட்டார்.

அப்பாவின் பெயர் வேலாயுதம். கணவன் பெயரை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. கோவிலில் எல்லோரும் "வேலாயுதா" என்று அழைக்கும்போதும் கை மட்டும் கூப்புவார். அறுபது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

வழக்கத்தை விளக்கினேன். அதிகாரி அப்பாவின் இறப்புச் சான்றிதழை மேசையில் விரித்து, "சொல்ல வேண்டாம், மாக்சிக். காட்டுங்கள்" என்று அம்மாவிடம் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, அந்தப் பெயரின் மேல் நேராக விரலை வைத்தார்.

காரில், "இத ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"ஏன்னு நீ என்னைக்கு கேட்ட?" என்றார்.



ஒப்புதல் வர மேலும் ஒன்றரை வருடமானது. அதற்குள் பக்கவாதம் வந்து அம்மாவின் பேச்சு நின்றது. வாயைத் திற என்று கத்திய நான், இப்போது ஒரு சொல்லுக்காகக் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறேன். நீல அட்டையைக் கையில் வைத்தபோது, அதே விரலால் அதை மெல்லத் தடவினார். அவர் கண் நனைந்தது. மன்னிப்புக் கேட்டேன். கேட்டதா என்று தெரியவில்லை.

முருகன் நான் கேட்ட சாவைத் தரவில்லை. அட்டையைத் தந்தான், கதவைத் திறந்து கேட்க ஒரு மனுஷியையும் அனுப்பினான். இப்போது நான் யாரையும் அதட்டுவதில்லை. எதற்காவது வருடக்கணக்கில் காத்திருப்பவர்களே, அவனிடம் அழுது கேளுங்கள், தருவான். ஆனால் கோவிலுக்குக் கிளம்பும் முன், வீட்டில் வாய் திறக்காமல் இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவருக்குப் பேச்சு இருக்கும்போதே கேளுங்கள்.