கருமாதிப் பத்திரிகையின் ஐந்தாவது பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆனி மாதம். தேனி அல்லிநகரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவிலேயே ஒரு வீடு விலைக்கு வந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வீட்டுப் பெரியவர் முந்தைய வருடம் தவறிவிட்டார். அவர் மனைவி அதற்கும் முன்பே போய்விட்டார். இரண்டு மகன்கள், ஒரு மகள். விற்றுப் பிரித்துக்கொள்வது என்று மூவரும் முடிவு செய்திருந்தார்கள். மூத்த மகன் வாழைக்காய் வியாபாரி. பேச்சில் கறார், ஆனால் நாணயமான ஆள் என்று தெருவில் பெயர்.

எனக்கு அந்த வீட்டின் மேல் பல வருட ஆசை. அதோடு அவசரமும் சேர்ந்துகொண்டது. நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர், மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் யாரும் பத்திரம் பதியமாட்டார்கள். போதாக்குறைக்கு இன்னொரு பார்ட்டியும் அந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது. அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டுவிட்டோம். ஆனி முடிவதற்குள் பதிந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஆசிரியை, காகிதம் என்றால் எனக்கு அலர்ஜி கிடையாது. தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, பெரியவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று எல்லாவற்றையும் வரிசையாக ஃபைலில் கோர்த்து வைத்திருந்தேன். வாரிசுச் சான்றில் மூன்று பிள்ளைகளின் பெயரும் தெளிவாக இருந்தது. கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீலும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார். இனி பத்திரம் எழுதுகிறவரிடம் கொடுத்தால் டைப் அடித்துத் தந்துவிடுவார், கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தேன்.

பத்திர ஆபீஸ் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் பத்திரம் எழுதும் பெண்ணிடம் என்னைக் கூட்டிப்போனது என் கணவர். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறதாம். என் மாணவி மாதிரி இருக்கிறாள், இவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குள் ஓர் இளக்காரம். அவள் என் ஃபைலை ஒரு மணி நேரம் புரட்டினாள். நான் மணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நிமிர்ந்து அவள் கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

“எல்லாம் சரியா இருக்கு டீச்சர். அந்தப் பெரியவரோட கருமாதிப் பத்திரிகை ஒண்ணு கெடைக்குமா?”

வீடு வாங்க வந்தவளிடம் கருமாதிப் பத்திரிகையைக் கேட்டால் எப்படி இருக்கும்? அதுவும் முதல் நல்ல காரியம். எனக்கு முகமே மாறிவிட்டது. எதற்கு என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “சர்க்கார் காகிதத்துல ஒருத்தர் பேரு விட்டுப்போகலாம் டீச்சர், யாருக்கும் தெரியாது. கருமாதிப் பத்திரிகைல விட்டுப்போச்சுன்னா பந்தல்லயே சண்ட வந்துரும்ல? அதான் அத ஒரு தடவ பாத்துக்கிருவேன்.”

எனக்கும் அந்தப் பத்திரிகை வந்திருந்தது. காரியத்துக்குப் போய்ச் சாப்பிட்டும் வந்தேன். ஆனால் துக்கப் பத்திரிகையை யார் வீட்டுக்குள் வைத்திருப்பார்கள்? தேதியைப் பார்த்துக்கொண்டு அன்றைக்கே வாசலோடு கிழித்துப் போட்டாயிற்று. தெருவில் இரண்டு வீட்டில் கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் அவளே, “பஜார்ல அடிச்ச பிரஸ்ல கேளுங்க டீச்சர், அவுக கம்ப்யூட்டர்ல இருக்கும்” என்று வழி சொன்னாள். வெயிலில் அலைந்து, பிரஸ்காரரிடம் அசடு வழிந்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் அதை மேசையில் விரித்தாள். மகன்கள் இருவர், மகள் ஒருவர், மருமகள்கள், மருமகன். எல்லாம் வாரிசுச் சான்றில் உள்ளபடியே. அதற்குக் கீழே பேரன் பேத்திகள், ஐந்து பெயர். “தெருவுலதான இருக்கீக, யாரு யாரு புள்ளைகன்னு சொல்லுங்க டீச்சர்” என்றாள். மூத்தவருக்கு இரண்டு பையன்கள், இளையவருக்கு ஒரு பெண், மகளுக்கு ஒரு பையன். நாலு. மறுபடி விரல் விட்டுப் பார்த்தேன். நாலுதான். ஐந்தாவதாக ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அது யார் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. பெரியவரின் உடலைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து நின்றபோது, ஓரமாக ஒரு பெண் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தாள். யாரோ சொந்தக்காரப் பிள்ளை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மூத்த மகனுக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் வைத்து, அந்த ஐந்தாவது பெயர் யாருடையது என்று கேட்டோம். அவர் சொன்னார்: “அது செத்துப்போன தங்கச்சி மக. தேவாரத்துல அவுக அப்பாவோட இருக்கு. தங்கச்சிக்கு நகை நட்டெல்லாம் போட்டுத்தான் கட்டிக் குடுத்தோம். அதோட முடிஞ்சு போச்சு. பத்திரிகைல பேரு போடலேன்னா ஊர்ல பேசுவாகன்னு போட்டம், அவ்வளவுதான்.”

பத்திரம் எழுதும் பெண் பொறுமையாக அவருக்கு விளக்கினாள். பெரியவர் உயில் எழுதவில்லை. அவருக்கு முன்பே மகள் இறந்திருந்தாலும், அந்த மகளுக்கு உரிய பங்கு அவள் பிள்ளைக்கு வந்து சேரும். அந்தப் பிள்ளை கையெழுத்து இல்லாமல் விற்றால் நாளைக்கு அது கோர்ட்டில் போய் நிற்கும். அவர் கேட்பதாக இல்லை. பத்திர ஆபீஸைச் சுற்றி எழுதுவதற்கு ஆளா இல்லை, ஆனிக்குள் முடியாவிட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம் முழுவதும் அவர் மேல் போகவில்லை. அந்தப் பெண் மேல்தான் பாய்ந்தது. வங்கி வக்கீலுக்கே தெரியாததை நீ என்ன கண்டுபிடித்துவிட்டாய் என்று கேட்டேன். வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில் கேட்டேன். அன்று மத்தியானமே வேறோர் ஆளிடம் போனேன். அவர் வாரிசுச் சான்றைப் பார்த்தார், “திங்கக்கெழமையே பதிஞ்சிரலாம்” என்றார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

ஃபைலைத் திரும்ப வாங்கப் போனேன். சண்டை போடுவாள் என்று பார்த்தால், எல்லாவற்றையும் நான் கொடுத்ததைவிட ஒழுங்காக அடுக்கிக் கையில் கொடுத்தாள். பார்த்த வேலைக்குப் பணம் நீட்டினேன். எழுதாததற்குக் காசு வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டாள். நான் படி இறங்கும்போது மட்டும் பின்னாலிருந்து சொன்னாள்: “நாளைக்கு ஞாயித்துக்கெழம, எப்படியும் ஆபீஸ் இல்ல டீச்சர். தேவாரம் ஒண்ணும் தூரம் இல்ல. அந்தப் புள்ளைய ஒரு தடவ பாத்துட்டு வந்து திங்கக்கெழம பதிங்க.”

அதிகாரமாகச் சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேன். கெஞ்சியிருந்தாலும் போயிருக்கமாட்டேன். ஒரு வேலையை முடித்துவிட்டுப் போங்கள் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். இரவெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. காலையில் கணவரோடு பஸ் ஏறி, போடி வழியாகத் தேவாரம் போய் இறங்கினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா கேரளத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர், ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது, நர்சிங் படிக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் அப்பா கையை உதறினார். “அவுக சொத்து எங்களுக்கு வேணாங்க. எங்கன கையெழுத்துப் போடணுமோ சொல்லுங்க, போட்டுருவோம்.” கௌரவமான மனிதர். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. காரியம் சுலபமாக முடிந்தது என்று எழுந்திருக்கப் பார்த்தேன்.

அப்போது அந்தப் பெண் கேட்டாள்: “டீச்சர், நான் கையெழுத்துப் போட்டா அந்தப் பத்திரத்துல எங்கம்மா பேரு வருமா?”

வரும், இன்னாருடைய மகள் என்றுதான் எழுதுவார்கள் என்றேன்.

“எங்கம்மா அந்த வீட்லதான் பெறந்துச்சாம். நான் கைப்புள்ளையா இருக்கும்போதே போயிருச்சு. மாமா வீட்டுக்குப் போனா அது பேர யாருமே எடுக்க மாட்டாக. நானாக் கேட்டாலும் பேச்ச மாத்திருவாக.” கொஞ்சம் நிறுத்தி, அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்: “காசு வேணாம்னு சொல்ல நான் என்ன பெரிய ஆளா டீச்சர்? ஹாஸ்டலுக்கே அப்பா கடன்தான் வாங்குது. பங்கும் வரட்டும். ஆனா பேரு கண்டிப்பா வரணும்.”

அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் கோர்த்து வைத்த அந்த அழகான ஃபைலில் அவள் அம்மா என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. அப்படி ஒரு காகிதத்தை நாளைக் காலையில் பதிய இருந்தவள் நான்.

திங்கள்கிழமை காலை, பத்திரம் எழுதும் பெண்ணின் அறைக்கு அவள் வருவதற்கு முன்பே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. “வந்துட்டீகளா, உக்காருங்க” என்று சொல்லி ஃபேனைப் போட்டாள். மூத்த மகனிடம் நானே பேசினேன். அந்தப் பிள்ளை கையெழுத்து இல்லாமல் வீடு எனக்கு வேண்டாம், அடுத்த பார்ட்டிக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் ஒரு தடவை இங்கே வந்துவிட்டுப் போங்கள் என்றேன். அந்த வீடு கைவிட்டுப் போகப்போகிறது என்றே நினைத்தேன்.

அவர் கோபத்தோடுதான் வந்தார். பத்திரம் எழுதும் பெண் வாதாடவில்லை. சட்டம் பேசவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். “அண்ணே, உங்க அப்பாவுக்குப் பெறந்த புள்ளைக யாரு யாருன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. இருக்கவுக, போனவுக எல்லாரையும். நீங்க எழுதுறபடிக்கே நான் பத்திரம் எழுதிர்றேன்.”

அவர் தன் பெயரை எழுதினார். தம்பி பெயரை எழுதினார். மூன்றாவதாக எழுத வேண்டியது இறந்துபோன தங்கையின் பெயர். அவள்தான் பிறப்பு வரிசையில் மூன்றாவது. பேனா அங்கேயே நின்றுவிட்டது. அவளைத் தாண்டிக் கடைசித் தங்கைக்குப் போக அவர் கை வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவர் அந்தப் பெயரை எழுதினார். எழுதிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

பிறகு நான் பத்திரம் எழுதும் பெண்ணிடம் கேட்டேன், எழுதுவார் என்று எப்படித் தெரியும் என்று. “பொய்ய டைப் அடிக்கிறது லேசு டீச்சர். கையால எழுதச் சொன்னா செரமப்படுவாக” என்றாள். முப்பது வயதுகூட ஆகாத பெண்!

ஆனிக்குள் முடியவில்லை. தங்கையின் இறப்புச் சான்று, அவளுக்கான வாரிசுச் சான்று என்று தனித்தனியாக வாங்க வேண்டியிருந்தது. நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மாத அவகாசம் வாங்கினேன். அவர் முணுமுணுத்ததை எல்லாம் காதில் வாங்காமல் இருந்தேன். அத்தனை அலைச்சலிலும் தாலுகா ஆபீஸுக்கு எங்களோடு வந்தது, எந்த மனுவில் என்ன எழுத வேண்டும் என்று சொன்னது எல்லாம் அவள்தான். நாலு பங்கும் சமம் என்று மூத்தவரே சொல்லிவிட்டார்.

ஆவணியில் பதிவு. டோக்கன் வரும்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். பத்திரத்தை எல்லோரும் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பத்திரம் எழுதும் பெண் அதை முதலில் தேவாரத்துப் பிள்ளையிடம் கொடுத்தாள். முதல் பக்கத்திலேயே அவள் அம்மாவின் பெயரை, இன்னாருக்கு மூன்றாவதாகப் பிறந்த மகள், இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று முழுசாக எழுதியிருந்தாள். இவ்வளவு தேவையே இல்லை; ‘காலஞ்சென்ற இன்னாரின் மகள்’ என்று எழுதினாலே போதும். அந்தப் பிள்ளை அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். திரும்பவும் படித்தாள். அடுத்த பக்கத்துக்குப் போகவே இல்லை.

“இந்தப் பக்கத்த மட்டும் ஒரு ஜெராக்ஸ் குடுப்பீகளா அக்கா?” என்று கேட்டாள்.

பத்திரம் எழுதும் பெண் உடனே எழுந்தாள். தாளை வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கண்ணும் சிவந்திருந்தது. நகல் கசங்கிவிடாமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். பதிவெல்லாம் முடிந்து படி இறங்கும்போது மூத்தவர் அந்தப் பிள்ளையின் தோளைத் தொட்டு, “வா ஆத்தா, சாப்பிட்டுப் போவம். உங்கம்மாவுக்கு இங்கன ஒரு கடையில தோச ரொம்பப் பிடிக்கும்” என்று கூட்டிப்போனார். அந்தப் பிள்ளை அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஆசைப்பட்ட வீட்டில் இப்போது நிம்மதியாக இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவசரப்பட்டு வேறோர் ஆளிடம் பதிந்திருந்தால், ஒரு பிள்ளையின் அம்மாவை இல்லாமல் ஆக்கியவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருப்பேன் என்று நினைக்கும்போதெல்லாம், என்னைவிட இருபது வயது சிறிய அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.