இரண்டாம் பந்தி

எங்கள் விடுதியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. வந்த ஊர்தான் பெயர். மூவாரிலிருந்து வந்த நான் மூவார். குளுவாங்கிலிருந்து வந்தவன், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகன், குளுவாங். எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளும் நல்ல பிள்ளை ஒருவன் இருந்தான், அவன் பத்து பகாட். வெளியாள் யாராவது எங்கள் பேச்சைக் கேட்டால், மலாயாவின் ஜொகூர் மாநில வரைபடத்தை உரக்கப் படிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஜொகூர் பாருவில் ஒரு மேட்டின்மேல் தகரக் கூரை போட்ட பலகை வீடு. ஊரில் வசதியான தமிழர்கள் சிலர் கமிட்டியாகச் சேர்ந்து அதைப் பிடித்து, பள்ளிப் படிப்பை முடித்து மேல்பயிற்சிக்கு வந்த வாலிபர்களைத் தங்கவைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் வேலை பழகுகிறவர்கள், நில அளவை ஆபீசில் இருப்பவர்கள், என்னைப்போல் வாத்தியார் பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் சேர்த்துப் பதினான்கு பேர். எங்களிலேயே ஒருவனைக் கமிட்டி மானிட்டராக வைக்கும். என் கடைசி ஆண்டில் அது நான்.

மானிட்டர் வேலை ஒன்றும் பெரிய துரை உத்தியோகம் இல்லை. புதிதாக வருகிறவனை ஸ்டேஷனில் போய் அழைத்துவர வேண்டும். கட்டில் ஒதுக்க வேண்டும். கிணற்றடியில் யார் முதலில் குளிப்பது என்ற சண்டையைத் தீர்க்க வேண்டும். காய்ச்சல் கண்டவனை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டு ஆளுக்கொரு தலைப்பில் பேசவைக்க வேண்டும். இதற்கெல்லாம் எனக்குக் கிடைத்தது கதவு வைத்த ஒரு தனி அறை. மற்றவர்கள் கூடத்தில் வரிசையாகப் படுத்திருக்க, நான் மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அந்தக் கதவு எனக்கு எவ்வளவு பெரிதாகப் போயிற்று என்று சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கூலாயிலிருந்து ஒருவன் டிரஸ்ஸர் பயிற்சிக்கு வந்தான். ஸ்டேஷனுக்குப் போனபோது ஒரு கையில் தகரப் பெட்டியும் மறு கையில் சாக்கும் வைத்துக்கொண்டு நின்றான். சாக்கு நிறைய அன்னாசிப் பழம், எங்கள் எல்லோருக்கும் என்று கொண்டுவந்தது. அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் என்று நான் கேட்காமலே சொன்னான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் கூடமாட நின்று, புண்ணுக்குக் கட்டுப் போடுவதை ஏற்கெனவே பழகியிருந்தான். மேட்டில் ஏறும்போது பெட்டியை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கனக்கும் அண்ணே என்று தர மறுத்துவிட்டான்.

சாப்பாட்டுக்குப் பின்கட்டில் ஒரு நீள மேசை இருந்தது. இரண்டு பக்கமும் பெஞ்சு, பக்கத்துக்கு ஏழு பேர். அவன் வந்த பிறகுதான் பதினான்காவது இடம் நிரம்பியது. முதல் இரண்டு நாள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அன்னாசியை அவனே முள் எடுத்து, சீவி, ஒவ்வொருவர் தட்டிலும் வைத்தான். குளுவாங் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அதே குளுவாங்தான் கேட்டான்.

"கூலாய், உங்க தோட்டத்துல லயம் ரெண்டு பக்கமா இருக்குமே. நீங்க எந்தப் பக்கம்?"

தோட்டத்தைத் தெரிந்தவனுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். தொழிலாளர் வீடுகளை வரிசையாகக் கட்டும்போதே இந்தச் சாதிக்கு இந்த வரிசை என்று பிரித்துவிடுவார்கள். பிரித்து எழுதுகிறவர் கிராணி. குளுவாங் அந்த எழுத்தைப் பார்த்தே வளர்ந்தவன். கூலாய்க்கும் தெரியாமல் இல்லை. பொய் சொல்லியிருக்கலாம், எங்களில் யாரும் போய்ப் பார்க்கப்போவதில்லை.

"கீழ் லயம். ஆத்தோரம்," என்றான். "மழை பேஞ்சா தண்ணி முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. குளுவாங் பாதிச் சோற்றில் எழுந்துபோய்க் கை கழுவினான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு பேர் வரவில்லை. மறுநாள் ஆறு பேர். கூலாயின் எனாமல் தட்டை என்னால் தொட முடியாது, வற்புறுத்தினால் நாகப்பட்டினத்துக்கே கப்பல் ஏறிவிடுவேன் என்று சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டார். குளுவாங் என் அறைக்கு வந்து, ஆறு குடும்பத்துத் தகப்பன்மார்களும் கமிட்டிக்கு எழுதப்போகிறார்கள் என்றான். விடுதியை நடத்தத் தெரியாத மானிட்டர் என்று என் பெயரும் அதில் வரும் என்றான். போகும்போது கதவை மரியாதையாகச் சாத்திவிட்டுப் போனான்.

நான் கமிட்டிப் பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் மேடையில் தமிழர் ஒற்றுமையைப் பற்றிப் பேசினால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, முழுக்கக் கேட்டுக்கொண்டார். இதெல்லாம் ஒரே நாளில் மாறுகிற விஷயமில்லை, இரு தரப்புக்கும் மனம் நோகாமல் நீங்களே பார்த்துச் செய்யுங்கள், சண்டை மட்டும் வேண்டாம் என்றார். திரும்பி நடக்கும்போது எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. எப்படிப் பிரித்து உட்காரவைக்கலாம் என்று என் மனம் ஏற்கெனவே கணக்குப் போடத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலையில் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டினேன். முதல் பந்தி பன்னிரண்டு மணி. இரண்டாம் பந்தி பன்னிரண்டே முக்கால், ஆஸ்பத்திரியிலிருந்து தாமதமாக வருகிறவர்களுக்கு. ராத்திரிக்கும் அப்படியே. இரண்டாம் பந்தியில் கூலாய் என்று எழுதி, அதற்குக் கீழே மூவார் என்றும் எழுதினேன். அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும் என்று கடைசியில் பொதுவாக ஒரு வரி சேர்த்தேன். சமையல்காரரும் குளிர்ந்தார், குளுவாங்கும் குளிர்ந்தான்.

கூலாய் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் தன்னைச் சேர்த்து ஆறு பேர், மற்ற ஐந்து பேரும் முதல் பந்தியில் இருக்கிறார்களே என்று கேட்டான். அவர்கள் வார்டு வேறு, நேரம் வேறு என்று பூசி மெழுகினேன். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு சரி என்றான். அவன் சண்டை போட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இன்னும் நன்றாகப் பூசி மெழுகியிருப்பேன்.

எட்டு மாதம் நாங்கள் இரண்டு பேரும் அந்த நீள மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பதினான்கு பேர் மேசையில் இரண்டு பேர். ஆறிப்போன சோறு, அடியில் தங்கிய கருவாட்டுக் குழம்பு. அவன் நன்றாகப் பேசுவான். வார்டில் நடப்பதையெல்லாம் நடித்துக் காட்டுவான், எனக்குப் புரையேறும். அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதாசு எழுதுவான், தோட்டத்துப் பள்ளி வாத்தியார் அதை அவளுக்குப் படித்துக் காட்டுவாராம். கிராணி மகன், கடைக்காரர் மகன் எல்லோரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதாக முதல் வாரமே எழுதிவிட்டானாம். அதை மாற்றி எழுத மனம் வரவில்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டேன் என்றான். கேட்டு எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் நான் ஒருவனாவது அவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேனே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருக்கத்தான் செய்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சமத்துவம் என்ற தலைப்பில் குளுவாங் பேசியபோது எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அவனுடைய அப்பாவும் அம்மாவும் கூலாயிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார்கள். மேடு ஏறி வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. அம்மா கையில் ஒரு தூக்கு நிறைய முறுக்கு. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, பொத்தான் எல்லாம் போட்ட சட்டை போட்டிருந்தார். முறுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றாள் அந்த அம்மா. நான் வேண்டாம் என்று தடுப்பதற்குள், பேச்சுச் சத்தம் கேட்ட பக்கமாகப் பின்கட்டுக்கே நடந்துவிட்டாள். மகன் சாப்பிடும் மேசையைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

மேசையில் பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடம் காலியாக இருந்தது. கூலாய் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவன், அம்மாவைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தான்.

"நீ சாப்பிட உக்காரலையா?" என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். அந்த எட்டு மாதத்தில் அவன் என்னிடம் எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை. அப்போது கேட்டான், வாய் திறக்காமல். "வா, உட்கார்" என்று நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் மானிட்டர். அம்மா எதிரில் எழுந்துபோக அந்தப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேருக்காவது கூச்சம் வந்திருக்கும். குளுவாங் எழுந்திருப்பான், எழுந்திருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் கமிட்டிக்குப் போகும் கடிதமும் என் அறைக் கதவும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

"அவருக்கு ஆஸ்பத்திரி டூட்டிம்மா. ரெண்டாம் பந்தியில சாப்பிடுவாரு," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு அவன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான். அந்த அம்மா டூட்டி என்ற வார்த்தையைக் கேட்டு, பெரிய வேலை போலிருக்கிறது என்று தலையாட்டினாள். அப்பா மேசையைப் பார்த்தார், காலியாக இருந்த இரண்டு இடத்தையும் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கீழ் லயத்தில் இருந்தவர் அவர், அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மனைவியின் கையிலிருந்த தூக்கை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, "வா, ரயிலுக்கு நேரமாச்சு," என்றார். அடுத்த ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

கூலாய் அவர்களை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்து நேராக என் அறைக்கு வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே, நாளையிலேர்ந்து நான் தனியா சாப்பிட்டுக்கறேன். நீங்க அவங்களோட போய் உக்காருங்க."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"நீங்க எதிர்ல உக்காந்து சிரிச்சுப் பேசுறீங்க. எனக்குக் கோபப்படக்கூட முடியலை. அதையாவது எனக்கு விட்டுடுங்கண்ணே."

மறுநாள் நான் முதல் பந்திக்குப் போனேன். பெஞ்சில் எல்லோரும் சற்று நகர்ந்து இடம் விட்டார்கள். எட்டு மாதம் எங்கே போயிருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சோறு சூடாக இருந்தது, சாப்பிட்டேன். பன்னிரண்டே முக்காலுக்கு அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவது என் அறையிலிருந்து கேட்கும். பரீட்சை முடிகிறவரை அப்படித்தான் நடந்தது. நல்ல மார்க்கோடு தேறி, வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போனான். ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றேன். வேண்டாமண்ணே, வழி தெரியும் என்றான்.

அடுத்த மாதம் எனக்கும் மூவார்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை வந்தது. கமிட்டி பத்து பகாட்டைப் புது மானிட்டராக வைத்தது. சாவி, கட்டில் கணக்கு, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் ஒப்படைக்கப் போனேன். புது ஆண்டுக்கு வேண்டியதையெல்லாம் அவன் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தான். சாப்பாட்டு அட்டவணையைக் காட்டினான். அழகான கையெழுத்து. முதல் பந்தியில் பன்னிரண்டு ஊர்கள். இரண்டாம் பந்தியில் இரண்டு, ஒன்று செனாய், இன்னொன்று சிகாமட். இரண்டு பேரும் இன்னும் ஊரிலிருந்து கிளம்பக்கூட இல்லை.

இவர்கள் யாரென்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவங்க தோட்டத்துக் கிராணிமாருக்குக் கடிதாசு போட்டு விசாரிச்சுட்டேன்," என்றான். "வந்தப்புறம் எல்லார் முன்னாடியும் தெரிஞ்சு, பாவம், அவங்களுக்கு அவமானமாப் போயிடக் கூடாது பாருங்க. ஒருத்தர்னாத்தான் கூட ஆள் வேணும். இப்ப ரெண்டு பேரு இருக்காங்க, அவங்களே துணை. எல்லாம் உங்களைப் பாத்துக் கத்துக்கிட்டதுதாண்ணே."

குத்திக் காட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனதாரச் சொன்னான். அந்தத் தாளை வாங்கிக் கிழித்திருக்கலாம். கமிட்டி என்னை இனி ஒன்றும் செய்ய முடியாது, அறையும் என்னுடையது இல்லை. கையில் வைத்து இரண்டு தடவை படித்தேன். பிறகு அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அவன் அதை எடுத்துப்போய்ச் சுவரில், என் அட்டவணை இருந்த இடத்திலேயே, நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டினான். கோணலாக இருக்கிறதா பாருங்களண்ணே என்று கேட்டான். நேராகத்தான் இருக்கிறது என்று சொன்னேன்.