ஒரு ராத்திரி தங்கிப் போயேன்

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் மன்னார்குடியில் அண்ணன் மகள் கல்யாணத்துக்காக டொரொன்டோவிலிருந்து வந்திருந்தாள். திரும்பிப் போகுமுன் ஒரு சாயங்காலத்தைத் தஞ்சாவூரில் எனக்கென்று ஒதுக்கியிருந்தாள். நாம் இரண்டு பேரும் காக்டெய்ல் பார் பார்க்கப் போகிறோம் என்று முதல் நாளே செய்தி வந்துவிட்டது. டொரொன்டோவில் அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் போவாளாம். தஞ்சாவூரிலும் மூன்று இடம் இருப்பதாக அவளுடைய ஃபோன் சொன்னதாம். இத்தனை வருடமாக இதே ஊரில் கணக்கு டீச்சராக இருக்கிறேன், என்னிடம் யாரும் சொல்லவில்லை.

எனக்கு பார் எல்லாம் வேண்டியிருக்கவில்லை. அன்று ராத்திரி அவள் என் வீட்டில் வந்து படுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா இறந்து, சர்ச்சில் வருடப் பூசையும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் தூங்கியதில்லை. பகலைச் சமாளித்துவிடலாம், ஸ்கூல் இருக்கிறது, டியூஷன் இருக்கிறது. விளக்கு வைத்த பிறகுதான் ஆகாது. டிவியில் செய்தி வாசிக்கிறவருக்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தேன். அவள் வருகிறாள் என்றதும் புதுப் படுக்கை விரிப்பு வாங்கினேன், ஆள் கூப்பிட்டு கீசரை ரிப்பேர் பார்த்தேன். ஆனால் வந்து தங்கு என்று மட்டும் வாய் திறக்கவில்லை. கேட்டு வாங்கி எனக்குப் பழக்கமில்லை. தானாகவே பெட்டியோடு வந்து நிற்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளானால் ஹோட்டலில் ரூம் போட்டுவிட்டு, குளித்து, காரும் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து டிரைவரை ஹாரன் அடிக்கச் சொல்கிறாள்.

முதல் இடத்தில் கதவுக்கு வெளியிலேயே மேனேஜர் நிறுத்தினார். "மேடம், உங்களுக்கு ஃபேமிலி ஹால் மாடியில இருக்குங்க." மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே மேசைக்கு நாலு ஆண்கள். எல்லாருக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கும். அவர்களைக் கீழே வைத்துக்கொண்டு ஒண்டிக்கட்டையான என்னை ஃபேமிலி ஹாலுக்கு அனுப்பினார்கள். தோழி இங்கிலீஷில் சண்டை போட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மாடிப்படியைக் காட்டினார்.

மாடியில் சரக்கு கிடையாது. வெள்ளைச் சட்டைக்குப் போடும் சொட்டு நீலத்தின் நிறத்தில் இரண்டு கிளாஸ் வந்தது, மேலே ஒரு செர்ரி. பக்கத்து மேசையில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். எங்களுக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தையின் அம்மா, எங்களுக்கு எந்த ஊர் என்று விசாரித்தாள். எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது. இவளுக்கோ மானம் போய்விட்டது. பாதி கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள்.

அடுத்தது பைபாஸைத் தாண்டி ஒரு ரிசார்ட். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வயலுக்குள் அறுவடை மெஷின் விளக்குப் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் அவள் மகள்களின் படங்களைக் காட்டிக்கொண்டு வந்தாள். அழகான பெண்கள். அவர்களைப் பற்றி நானும் நிறையக் கேட்டேன். என்னைப் பற்றி அவள் கேட்டால் வீட்டுப் பேச்சு வரும், அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

ரிசார்ட்டில் வெளியூர்க்காரர்கள் வந்து போவதால் எங்களை யாரும் மாடிக்கு அனுப்பவில்லை. மெனு மட்டும் நாலு பக்கம். எதைச் சொன்னாலும் இல்லை. கடைசியில் மோஹிடோ இருக்கிறது, ஆனால் புதினா தீர்ந்துவிட்டது, கொத்தமல்லி போடலாமா என்று கேட்டார்கள். போடச் சொன்னாள். கிளாஸைக் கிட்டே கொண்டுபோனால் ரசம் வாசனை. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். விடுதி நாட்களுக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை வைனைத் தவிர எதையும் தொடாதவள், அந்த ரசத்தை முழுசாகக் குடித்தேன்.

அப்போதுதான் என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பாவைப் பார்த்தேன். எங்கள் ஊரில் பாரில் பார்த்தவரைப் பார்க்கவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது எனக்கு அது தெரியாது. அன்றைக்கு யாராவது தெரிந்த முகமாக இருந்தால் போதும் என்றிருந்ததால், கையைத் தூக்கி நல்லா இருக்கீங்களா சார் என்றேன். மனிதர் வெலவெலத்துப் போனார். தான் சாப்பிட மட்டுமே வந்ததாக நான் கேட்காமலே சொல்லிவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார். தோழி மறுபடி சிரித்தாள். எனக்கு வரவில்லை.

இனிமேல் மானம் என்ன வேண்டியிருக்கிறது என்று, கேட்டே விட்டேன்.

"ரூமைக் காலி பண்ணிட்டு எங்க வீட்டுக்கு வாடி. ஒரு ராத்திரி தங்கிப் போயேன்."

"உனக்கு எதுக்குடி சிரமம்? விடியறதுக்கு முன்னாடி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பணும். நீயும் எந்திரிக்கணும்."

"சிரமம் ஒண்ணும் இல்ல. எனக்கு ராத்திரியில வீட்ல யாராவது இருந்தாத் தேவலாம் போல இருக்கு."

கிளாஸை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியது. நடிப்பில்லை, எனக்குத் தெரியும்.

"தனியா இருக்க பயமா இருக்கா? சொல்லவேயில்லையே. ஹால்ல ஒரு கேமரா மாட்டிடு. இப்பல்லாம் ரொம்ப சீப்புடி. நான் அங்கேர்ந்தே உன்னப் பாத்துக்கறேன்."

பயமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னே என்ன என்று கேட்பாள். சரி என்றேன். மூன்றாவது பாருக்குப் போகவில்லை. மேசையில் இருந்தபடியே ஃபோனில் கேமராக்களைப் பார்த்து, நல்லதாக ஒன்றை என் விலாசத்துக்கு ஆர்டர் போட்டாள். பிறகு என்னை வாசலில் இறக்கிவிட்டு, நான் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை காரை நிறுத்திவைத்திருந்தாள்.

அவள் ஊர் போய்ச் சேருவதற்குள் கேமரா வந்துவிட்டது. மாட்ட வந்தவர், யாராவது பார்த்தால் இந்தப் பச்சை விளக்கு எரியும் என்று காட்டினார். முதல் வாரம் தினமும் எரிந்தது. எனக்கு ராத்திரி என்றால் அவளுக்குக் காலை; காபி குடித்துக்கொண்டே பார்ப்பாளாம். ஒருநாள், ஏன் இன்னும் முழிச்சிருக்கே, போய்ப் படு என்று செய்தி அனுப்பினாள். கேமராவைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன். அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பிறகு எரிவது குறைந்தது. அவளுக்கும் வேலை இருக்கும், பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போது பல மாதமாக அந்த விளக்கு எரியவில்லை. இருந்தாலும் ராத்திரி ஹாலில் உட்காரும்போது நைட்டிக்கு மேலே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன்.