செத்த தரையில் ஆட மறுத்தவர்

ஒஸ்லோவில் ஓர் அரங்கில் மேடைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக ஒரேயொரு நாளைப் பற்றி எழுதுகிறேன். நினைத்தால் இன்றைக்கும் மெய் சிலிர்க்கிறது.

1. விரிப்பு

அட்டவணையில் ‘நடனம்’ என்று இருந்தால் எங்கள் அரங்கில் கேள்வி கிடையாது. மரத்தரைக்கு மேல் கறுப்பு ரப்பர் விரிப்பை விரித்துவிடுவோம். வழுக்காது, முழங்காலுக்கும் நல்லது. பாலே என்றாலும் அதுதான், எங்கள் பிள்ளைகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் என்றாலும் அதுதான். அன்றைக்கும் செக்குமாடு மாதிரிக் காலையிலேயே விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டி முடித்திருந்தோம்.

மத்தியானம் லொரேன் வந்தார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. சப்பாத்தின் அடியில் தகடு பொருத்தித் தரையைத் தட்டித் தாளம் எழுப்புகிற டாப் நடனக்காரர். கறுப்பர்களைப் பின்வாசலால் மட்டும் உள்ளே விட்ட அரங்குகளில், முன்வாசலில் தன் பெயரைப் போடவைத்தவர். வயது எண்பதுக்கு மேல். கைத்தடியோடு வந்தவரைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்தது.

சப்பாத்தை மாட்டி மேடையில் ஒருமுறை தட்டினார். ‘பொத்’ என்றது. தள்ளிப் போய்த் தட்டினார். அங்கும் அதே பொத்.

“இது செத்த தரை,” என்றார்.

ஒலி பார்க்கும் செந்தில் என் காதுக்குள், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றார். மதுரைக்காரர். நானும் சிரித்தேன்.

2. பெட்டிக்குள் சத்தம்

செந்திலே ஒரு வழியும் சொன்னார். “கவலப்படாதீங்கண்ணே, அவங்க ரெக்கார்டிங் எங்கிட்ட இருக்கு. அதப் போட்டுரலாம். ஜனங்களுக்குத் தெரியவா போகுது?”

மேலாளர் இங்கருக்கு அது பிடித்துவிட்டது. விரிப்பைக் கிளப்பினால் தரையின் நிறம் மாறிவிடும், விளக்குகளை எல்லாம் திரும்பச் சரிபார்க்க வேண்டும், அதற்கு நேரமில்லை. போய் லொரேனிடம் சொன்னார். லொரேன் கோபப்படவில்லை. கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

“இளவயசிலை நான் படங்களுக்கு ஆடினனான். ஒரு படத்திலையும் என்ரை முகம் இல்லை. ஒரு பலகையையும் மைக்கையும் தந்து அறைக்குள்ளை விட்டிடுவினம். திரையிலை வெள்ளைக்கார நடிகையின்ரை கால், சத்தம் என்னுடையது. என்ரை சத்தத்தோடை நானே மேடையிலை நிக்கவேணும் எண்டுதான் இவ்வளவு காலமும் சண்டை பிடிச்சனான். இப்ப ஆள் நிக்கட்டும், சத்தம் பெட்டிக்குள்ளாலை வரட்டும் எண்டுறியள். நான் போறன்.”

எனக்குச் சிரித்த வாய் கசந்தது. மேடையில் முழங்காலிட்டு டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தேன்.

“அண்ணே, என்ன பண்றீங்க?”

“பாத்துக்கொண்டு நிக்காமல் அங்காலைப் பக்கத்தைப் பிடியும் தம்பி!”

செந்தில் பிடித்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு இங்கரும் வந்து பிடித்தார்.

3. ஒரு பலகை

விரிப்புக்கு அடியில் ஒரு பலகை சற்றே தளர்ந்து, தட்டினால் மேளம் போல ஒலித்தது. இறுக்கலாம் என்று ட்ரில்லை எடுத்தேன். லொரேன் கையைக் காட்டித் தடுத்தார்.

“அதை விடுங்கோ. அது கதைக்குது.”

அன்று மாலை கைத்தடியை ஓரத்தில் சாத்திவிட்டு அவர் ஆடியதை எழுத எனக்கு மொழி போதாது. இடுப்புக்கு மேலே ஓர் அசைவில்லை. கீழே மழை தொடங்கியது, பெய்தது, விட்டுவிட்டுத் தூறியது. கடைசியில் அந்தப் பலகையில் ஏறி நின்று ஒற்றைக் குதிக்காலால் மெல்ல மெல்லத் தட்டினார். அரங்கில் ஒருவரும் இருமவில்லை. இனி அது தேவையில்லை என்று செந்தில் மைக்கை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

கைதட்டல் ஓய்ந்தபின் லொரேன் மூச்சு வாங்கியபடி தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு காலைக் காட்டினார்.

“ரெண்டும் ஒரே ஆள்தான்,” என்றார்.

பிள்ளைகளே, மேடையில் நிற்கப்போகிறவர் தரை சரியில்லை என்றால் பழமொழி சொல்லிச் சிரிக்காதீர்கள். கூடம் உண்மையிலேயே கோணலா என்று முதலில் குனிந்து பாருங்கள். பல நேரம் அதைக் கோணலாக்கி வைத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.